மங்கம்மாவின் கண்ணில் படாதவர்கள்

மல்யுத்தம் பொய் என்பது மங்கம்மாவுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் கோபப்பட்டாள். தெரியாமல் கோபப்பட்டவர்களும் காசிமேட்டில் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களை உட்காரவைத்து, டீ வாங்கிக்கொடுத்து, எல்லாம் நடிப்பு என்று சொன்னதும் சமாதானமாகிவிட்டார்கள். எல்லாம் தெரிந்த ஒருத்திக்குக் கோபம் வந்தால் எதைச் சொல்லி ஆற்றுவது?

மங்கம்மா காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் விடுபவள். விசைப்படகுகளின் பெரிய சரக்கு அவளிடம் வராது. அது பெட்டி பெட்டியாக ஆண்களின் ஏலத்தில் வேன்காரர்களுக்குப் போய்விடும். பைபர் படகில் போய்வருகிற சின்ன ஆட்களின் மீன்தான் அவளுடையது: ஒரு கூடை சங்கரா, அரைக்கூடை இறால், கொஞ்சம் காரப்பொடி, கூடவே வலையில் சிக்கிய நண்டு. வாங்க வருகிறவர்களும் அதற்கேற்ற பெண்கள். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்பவர்கள். பெரிய ஏலத்தில் நிற்க அவர்களுக்கு வசதி கிடையாது. மங்கம்மாவை விட்டால், வேன்காரர் வாங்கிய மீனை அவர் சொல்லும் விலைக்கு இரண்டாம் கையாக வாங்க வேண்டியதுதான்.

அவள் ஏலத்தில் அவளைத் தவிர யாரும் வாய் திறப்பதில்லை. ஒருத்தி தாடையைத் தூக்குவாள். ஒருத்தி மூக்குத்தியைத் தொடுவாள். இன்னொருத்தி வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றுவாள். அதுவும் விலை ஏற்றியதாகக் கணக்கு. பக்கத்தில் நிற்பவளுக்குத் தெரியாமல் கேட்பதுதான் வழக்கம். தெரிந்தால் அவள் வீம்புக்கென்றே ஏற்றிவிடுவாள். இத்தனை தாடைகளையும் மூக்குத்திகளையும் ஒரே பார்வையில் வாங்கிக்கொண்டு, யார் கேட்டது என்று காட்டிக்கொடுக்காமல், விலையை மட்டும் கூவிக்கொண்டு போவாள் மங்கம்மா. கேட்பவர்கள் அவள் தொண்டையைத்தான் புகழ்வார்கள். தொழில் நடப்பதென்னவோ கண்ணால்.

தண்டனையும் கண்ணால்தான். கேட்ட விலையிலிருந்து பின்வாங்குகிறவளை, ஏலத்தில் கலாட்டா பண்ணுகிறவளை மங்கம்மா திட்ட மாட்டாள். காசிமேட்டில் திட்டுக்கு மதிப்பில்லை, காற்று மாதிரி அது எப்போதும் வீசிக்கொண்டிருக்கும். அவள் அந்த ஆளைப் பார்ப்பதை நிறுத்திவிடுவாள். தாடை தூக்கினாலும், கழுத்தே சுளுக்கிக்கொண்டாலும், அந்த இடத்தில் ஒருத்தி நிற்பதே அவள் கண்ணில் படாது. என்ன குற்றம் என்று சொல்வதில்லை, எத்தனை நாளைக்கு என்றும் சொல்வதில்லை. நம் நீதிமன்றங்களின் மேல் இருக்கிற புகார்கள் எதுவும் இதன்மேல் கிடையாது: தாமதமில்லை, வக்கீல் செலவில்லை, தீர்ப்பு புரியவில்லை என்ற பேச்சே இல்லை.

இப்படிப்பட்டவளுக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே கேளிக்கை, மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ராயபுரத்தில் நடக்கும் 'வடகரை ரெஸ்லிங்'.

அதை ஆரம்பித்தவர் பொன்னுரங்கம். சாமியானாவும் பிளாஸ்டிக் நாற்காலியும் வாடகைக்கு விடுபவர். முகூர்த்தமில்லாத நாட்களில் நாற்காலிகள் சும்மா கிடப்பதைச் சகிக்க முடியாமல், ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து, மணமேடை போடுகிற இடத்தில் ரிங்கைப் போட்டார். மாலை மாற்றுகிற இடத்தில் ஆளைத் தூக்கி அடித்தார்கள். கல்யாணமான பெண்களுக்கு அது ஒன்றும் வினோதமாகப் படவில்லை. கூட்டம் கூட்டமாக வந்தார்கள்.

அந்த ரிங்கின் செல்லப்பிள்ளைகள் இரண்டு பேர். ஒருவன் நங்கூரம் எழிலன். வியாசர்பாடிக்காரன், பாக்ஸிங் படித்த கை, பகலில் குட்டியானை லோடு வண்டி ஓட்டுபவன். காசிமேட்டுக்கு மீன் லோடு ஏற்ற வந்த இடத்தில் சுஜாவைப் பார்த்துக் காதலித்துக் கட்டிக்கொண்டவன். சுஜா, மங்கம்மாவிடம் மீன் எடுத்துத் திருவொற்றியூர் மார்க்கெட்டில் விற்பவள். இன்னொருவன் கிரேன் அம்புரோஸ். ராயபுரத்துக்காரன், துறைமுகத்தில் நிஜமாகவே கிரேன் ஓட்டுபவன். பக்கத்தில் நின்றால் எது கிரேன் என்று யோசிக்கவேண்டிய உயரம்.

இருவருக்கும் எதிரி 'கம்பெனி'. கோட்டு போட்டு, மஞ்சள் ஹெல்மெட் வைத்துக்கொண்டு ஒரு ஆள் வருவான். "இந்த முகத்துவாரம் எனுக்கு, இந்தக் கடலு எனுக்கு" என்று மைக்கில் சொல்லிவிட்டு, ஒரு மூட்டை சாம்பலை ரிங்குக்குள் கொட்டுவான். அது சாம்பல் இல்லை, கோலமாவு. பார்க்கிற எல்லோருக்கும் அது தெரியும். எண்ணூரில் அனல்மின் நிலையத்தின் நிஜச் சாம்பலில் கால் வைத்து, வலையில் நிஜ எண்ணெயைத் தேய்த்துக் கழுவி, யாரிடம் கத்துவதென்று தெரியாமல் வீடு திரும்பியவர்கள், ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் கோலமாவைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினார்கள். நங்கூரமும் கிரேனும் கம்பெனியைத் தூக்கி அடிப்பார்கள். எல்லோரும் பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போவார்கள். மறுநாள் முகத்துவாரம் அப்படியே இருக்கும்.

இந்த ஆடி மாதத்தில்தான் அது நடந்தது. அம்புரோஸ் கம்பெனியைக் கீழே போட்டு அமுக்கிக்கொண்டிருந்தான். எழிலன் ஓர் அலுமினிய அன்னக்கூடையோடு மூலையிலிருந்து வந்தான். அதிலிருக்கும் மீன் தண்ணீரைக் கம்பெனியின் தலையில் ஊற்றப்போகிறான் என்று மண்டபம் எழுந்து நின்றது. எழிலன் கூடையைத் தலைக்கு மேல் தூக்கினான். தூக்கி, அம்புரோஸின் பிடரியில் அடித்தான். அந்தச் சத்தம் சமையல்கட்டு வரைக்கும் கேட்டது. பிறகு கீழே கிடந்த மஞ்சள் ஹெல்மெட்டை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு, கம்பெனிக்குக் கைகொடுத்துத் தூக்கிவிட்டான்.

குழந்தைகள்கூட அழ மறந்துவிட்டன. முதலில் எழுந்த குரல் மங்கம்மாவினுடையது. நாற்காலிமேல் ஏறி நின்று, ஏலக் குரலில், எழிலனின் மூன்று தலைமுறையையும் விசாரித்தாள்.

அன்று இரவு மங்கம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. மகள் மலர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவள், நியாயம் பேசுவாள்.

"யம்மா, அது ஸ்கிரிப்ட். பொன்னுரங்கம் எழுதிக் குடுக்குறாரு, அவங்க நடிக்கிறாங்க."

"எனுக்குத் தெரியாதா? நானு இன்னா நேத்து பொறந்தவளா?"

"அப்பறம் இன்னாத்துக்குக் கத்துற?"

"நல்லா எய்தல. அத்தொட்டுக் கத்துறேன்."

மலர் சிரித்தாள். சிரித்திருக்கக் கூடாது.

"இன்னாடி சிரிக்கிற? ஒரு மன்சன் கெட்டவனா மாறுறான்னா, அதுக்குன்னு ஒரு வயி இல்ல? ஒங்கப்பன் கம்பெனில யூனியன் தலைவரு இருந்தானே, அவன் எப்டி மாறுனான்?"

மலருக்கு அந்தக் கதை தெரியும். அப்பா திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தக் கூலியாக இருந்தார். அங்கே யூனியன் தலைவர் ஒருவர். வேலைநிறுத்தத்தின்போது கேட்டுக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்து எல்லோரோடும் ஒரே பொட்டலத்தில் சாப்பிட்டவர். பிறகு பெஞ்சில் உட்காருவதை விட்டு நின்றபடியே டீ குடிக்க ஆரம்பித்தார். பிறகு "ரெண்டு பக்கமும் பாக்கணும்" என்று சொல்லத் தொடங்கினார். பிறகு அவருக்குச் சர்க்கரை வியாதி என்றும், வெயிலில் உட்காரக் கூடாது என்றும் சொன்னார்கள். கடைசியில் ஒரு நாள் காலை, ஆட்குறைப்புக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கம்பெனி ஜீப்பில் அதே கேட் வழியாக வெளியே வந்தார். மலரின் அப்பாவும் அவரோடு வேலை பார்த்தவர்களும் வேலையில்லாமல் வெளியே நின்றார்கள். அவர்களைப் பார்த்து ஜீப்பிலிருந்து இரண்டு கையையும் கூப்பினார்.

"கும்புட்டான்டி! கும்புட்டுக்கினே போனான். ஒங்கப்பனும் பதிலுக்குக் கும்புட்டாரு, அவ்ளோ ஸோக்கா மாறுனான். இவன் இன்னாடான்னா போன மாசம் வரிக்கும் நங்கூரம், இந்த மாசம் மஞ்சத் தொப்பி. நடுவுல ஒண்ணுமே இல்ல. கண்ண உருட்டிகினு வந்து கூடையால அடிக்கிறான். எவன் இப்டி மாறுவான்? நாம இன்னா ஏமாந்த கூட்டமா?"

"அப்ப எழிலன் அண்ணன் கும்புட்டுட்டு அடிச்சிருந்தா ஒத்துக்குவியா?"

"ஒத்துக்குவேன். அய்துகினே ஒத்துக்குவேன்."

மலர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மங்கம்மா இத்தோடு நிறுத்தியிருந்தால், அவளை ஒரு விமர்சகி என்று கொண்டாடிவிட்டுப் போயிருக்கலாம். அவள் நிறுத்தவில்லை.

"இன்னொண்ணு கேளு. அவன் அடிச்ச கூடை யாரோடது? விளிம்புல நீலப் பெயின்ட் அடிச்ச கூடை. சுஜா கூடை. மீனு வைக்கிற கூடை, நமக்குச் சோறு போடுற கூடை. அத்தத் தோஸ்து தலைல அடிக்கிறதுக்கு எட்த்துக் குடுத்துகீறா அவ."

மறுநாள் விடியற்காலை சுஜா வழக்கமான இடத்தில் வந்து நின்றாள். முதல் கூடை சங்கரா. தாடையைத் தூக்கினாள். மங்கம்மாவின் பார்வை அவளுக்கு இந்தப் பக்கம் நின்றவளைத் தொட்டு, அந்தப் பக்கம் நின்றவளுக்குப் போனது. கூடையும் அவளுக்கே போனது. அடுத்தது இறால். சுஜா தாடையை நன்றாகத் தூக்கினாள். மூன்றாவது கூடைக்கு, வழக்கத்தை மீறிக் கையையே தூக்கினாள். சுற்றி நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மெல்ல அவளைவிட்டு ஓரடி தள்ளி நின்றார்கள். சுஜாவுக்குப் புரிந்துவிட்டது.

ஏலம் முடிந்ததும் சுஜா நேரே போனாள்.

"யக்கா, நானு இன்னா பண்ணேன்?"

மங்கம்மா சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த ஐஸ் பெட்டியிடம் பேசினாள். "கூடைய ஆள அடிக்கக் குடுக்குறவளுக்கு மீனு இன்னாத்துக்கு?"

"அது ஓட்டக் கூடை யக்கா! பழைய அலுமினியக்காரனுக்குப் போட வெச்சிருந்தேன். கேட்டான், குட்த்தேன். இன்னாத்துக்குன்னு நானு கேக்கல."

ஐஸ் பெட்டி ஒன்றும் சொல்லவில்லை. மங்கம்மாவும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து சுஜா விஷயத்தைச் சொன்னபோது, எழிலனின் முகம் மலர்ந்ததை அவள் சாகும்வரைக்கும் மறக்கப்போவதில்லை.

"மங்காக்கா நெசமாவே கண்ண எட்த்துட்டாங்களா?"

"இன்னாய்யா பல்லக் காட்டுற?"

"சுஜா, இது எவ்ளோ பெரிய விசியம் தெரியுமா? நாலு வருசம் நல்லவனா இருந்தேன். எவனாவது ஒரு டீ ஓசில குடுத்தானா? இப்ப கெட்டவன் ஆனேன், காசு குட்த்தாலும் டீ இல்ல, போடான்றான் கடைக்காரன். மரியாதன்னா இதான்!"

"அந்த மரியாதயக் கொயம்பு வெச்சித் துன்னு. நாளைக்கு மார்க்கெட்டுல நானு இன்னாத்த விப்பேன்?"

எழிலன் தரையைப் பார்த்தான். வில்லனான பிறகு வீட்டுக்குள்ளும் சிரிப்பைக் குறைத்துக்கொண்டிருந்தான். ஜன்னல் வழியாக யாராவது பார்த்துவிடக் கூடாதே.

"நீ போய் ஒரு வார்த்த சொல்லு. யக்கா, அல்லாம் வெளாட்டு, சுஜாவ உட்ருன்னு. அவ்ளோதான்."

"அதெப்டி? வில்லன் போய் மன்னிப்பு கேட்டா அப்பால எவன் நம்புவான்? வெளில எங்கியும் வேசத்தக் கலைக்கக் கூடாதுன்னு பொன்னுரங்கம் நைனா கண்டிசனா சொல்லிகீறாரு. அம்புரோஸ் கூட நானு போன்லகூட பேசல. என் தொயிலு சுஜா."

"ஒன் தொயிலு மாசத்துக்கு ஒரு தபா. என் தொயிலு தெனிக்கும்."

இந்த இடத்தில் யாருக்கும் கோபம் வரும். ஒரு பக்கம், பொய்யை நிஜம்போலக் காப்பாற்றுவது தன் மானம் என்று ஒரு ஆண். இன்னொரு பக்கம், பொய்யென்று தெரிந்தும் அதில் நேர்மை வேண்டும் என்று ஒரு பெண். இருவரும் கொள்கைக்காரர்கள். இருவருக்கும் இடையில் மார்க்கெட்டுக்கு மீன் இல்லாமல் நின்றவள், எந்தக் கொள்கையும் வைத்துக்கொள்ள வசதியில்லாத சுஜா. உயர்ந்த கொள்கைகள் மோதிக்கொள்ளும்போது நசுங்குவதற்கென்று ஒரு ஆளை எப்போதும் கண்டுபிடித்துவிடுகிறோம். அவளிடம் யாரும் முன்கூட்டிக் கேட்பதுமில்லை.

பொன்னுரங்கத்துக்குச் செய்தி எட்டியதும் துறைமுகத்துக்கே வந்துவிட்டார், முகமெல்லாம் சந்தோஷம்.

"யக்கா, அட்த்த மாசம் ஒனக்கு மொத வரிசை. இந்தக் கோவத்த அப்டியே மண்டபத்துக்கு இட்டுகினு வா."

"நீதான எய்துன?"

"நான்தான்."

"கேவலமா எய்திகீற. அவனுக்கு மொதல்ல அம்புரோஸ் மேல ஒரு பொறாமை வர வெச்சிருக்கணும். நடுவுல ஒரு தபா கம்பெனி அவன் வூட்டுக்குப் பணப் பொட்டி அனுப்பிச்சிருக்கணும். ஒண்ணுமே இல்லாம அடின்னா? அட்த்த தபா எய்தறதுக்கு முன்ன யாரையாவது கேளு."

பொன்னுரங்கம் போகும்போது, பொட்டி விஷயத்தை யோசித்துக்கொண்டே போனார். சுஜாவைப் பற்றி இருவருமே பேசவில்லை.

சுஜா வேன்காரரிடம் இரண்டாம் கை மீன் எடுத்தாள். மார்க்கெட்டுக்கு வந்து சேரும்போது மீனின் கண் உள்ளே போயிருக்கும். திருவொற்றியூர்ப் பெண்கள் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல், அடுத்தவளிடம் நகர்ந்தார்கள். வருஷக்கணக்காக அவளிடமே வாங்கும் ரஹீமுன்னிசா மட்டும் நின்றாள். "இன்னா சுஜா, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். பழைய மீனுக்கு அதைவிட மென்மையாக ஒரு பெயர் கிடையாது. அடுத்த வாரம் ரஹீமுன்னிசாவும் பக்கத்துக் கடைக்குப் போனாள்.

மார்க்கெட்டில் இன்னொரு வழக்கம் உண்டு. இடத்துக்குப் பட்டா கிடையாது. கூடை நிறைந்திருக்கும்வரைதான் அது உன் இடம். கூடை பாதியானால் பக்கத்துக்காரியின் கூடை ஒரு விரல் நகரும். சுஜாவின் இரண்டு பக்கமும் கூடைகள் நகர ஆரம்பித்திருந்தன. கடைசியில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்காரும் அளவுக்குத்தான் இடம் மிஞ்சியது. ஒரு நாள் வராமல் இருந்தால் அதுவும் போய்விடும். போனால் திரும்ப வராது.

அந்த நிலையில்தான் அம்புரோஸ் அவளைப் பார்த்தான். அக்கா வீட்டுக்குத் திருவொற்றியூர் வந்தவன், மீன் வாங்க மார்க்கெட்டில் நுழைந்தான். கழுத்தில் ஆஸ்பத்திரிப் பட்டை. அடி விழுந்த நாளிலிருந்து அவன் அதைக் கழற்றவில்லை. கழுத்து நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த காட்சி வரைக்கும் வெளியில் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது பொன்னுரங்கத்தின் உத்தரவு. கிரேன்மேல் ஏறும்போதும் போட்டுக்கொண்டான். ராயபுரமே அவனுக்காக உருகியது. மங்கம்மா வாரம் தவறாமல் சுறாப்புட்டு செய்து கொடுத்தனுப்பினாள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறக் கொடுப்பது அது. கழுத்துக்கு என்ன செய்யுமோ தெரியாது, அம்புரோஸ் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான்.

"இன்னா சுஜா, இது இன்னா மீனு?"

"ஒன் கய்த்த ஒடச்ச கூடையோட மீனு. போண்ணா, ஒன்னோட பேசுறத யாராவது பாத்தா அதுக்கும் எனுக்குத்தான் தண்டன."

எல்லாவற்றையும் கேட்டான் அம்புரோஸ். எழிலன்மீது அவனுக்குக் கோபம் வந்தது, உண்மையான கோபம். ரிங்கில் ஒரு தடவையும் வந்ததில்லை.

மறுநாள் விடியற்காலை அம்புரோஸ் ஏலத்துக்கு வந்தான். பெண்கள் வழிவிட்டார்கள். ஒருத்தி அவன் உட்காரக் கூடையைக் கவிழ்த்துப் போட்டாள்.

"நீ இன்னாத்துக்கு அலையிற அம்புரோசு?" என்றாள் மங்கம்மா. "சொல்லி அனுப்பிச்சா வூட்டுக்கே குட்த்தனுப்ப மாட்டேனா?"

"சங்கரா வேணும் யக்கா. ஒரு கூடை."

பட்டை கட்டிய கழுத்தில் தாடையைத் தூக்க முடியாது. ஆகவே அவன் ரிங்கில் ஜெயித்ததும் தூக்குவதுபோலக் கையைத் தூக்கினான். அத்தனை பேரும் பார்த்தார்கள். ஒருத்தியும் அவனுக்கு எதிராக விலை ஏற்றவில்லை. மங்கம்மா தன் தொழிலில் முதல்முறையாக, இரண்டாவது விலையைக் கூவாமலே கூடையை விட்டுக்கொடுத்தாள். பைபர் படகுக்காரன் முணுமுணுத்தான். "கய்த்து ஒடஞ்சவன்கிட்ட இன்னாய்யா கணக்கு?" என்று அவன் வாயை அடைத்தாள்.

கூடை நிறைய ஐஸும் மீனும். தூக்க ஆள் யாரையும் காணோம். அம்புரோஸ் ஒரு நிமிஷம் கூடையைப் பார்த்தான். வெளியே, அவன் வரச்சொன்னபடி ஆட்டோவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த சுஜாவைப் பார்த்தான். பிறகு கழுத்துக்குக் கையைக் கொண்டுபோய்ப் பட்டையைப் பர்ரென்று பிரித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான். கூடையைத் தூக்கித் தலைமேல் வைத்தான். தலையில் பாரத்தோடு, கழுத்து கொஞ்சமும் வளையாமல், நேராக நடந்துபோய்ச் சுஜாவின் கூடையில் கொட்டினான்.



"நில்லுடா!" மங்கம்மா கூடைகளைத் தாண்டிக்கொண்டு போனாள். "கய்த்து?"

"நல்லாகீது யக்கா."

"எப்பலேர்ந்து?"

அம்புரோஸுக்குப் பொய் சொல்ல வரவில்லை. அதனால்தான் ரிங்கில் அவனுக்கு நல்லவன் வேஷம் கொடுத்திருந்தார்கள். "எப்பவுமே நல்லாதான் கீது யக்கா. அவன் கூடைய மெதுவாத்தான் வெச்சான். அலுமினியம், அதான் அவ்ளோ சத்தம்."

"நானு சுறாப்புட்டு குட்த்தனுப்பிச்சேனே?"

"நல்லா இருந்துச்சி யக்கா."

"டேய் கய்த!" அந்தக் குரலில் எண்ணூர் வரைக்கும் ஏலம் விடலாம். "மாதா கோயிலுக்குப் போய் ஒனக்கு மெயுகுவத்தி ஏத்துனேன்டா! இப்ப சொல்ற, மெதுவா வெச்சானா?"

"யக்கா, எனுக்குக் கய்த்து ஒடையலன்னா சந்தோசம்தான படணும்?"

"நாங்க அய்தோமே, அத்த எவன்டா திருப்பிக் குடுப்பான்?"

அம்புரோஸ் எல்லோரையும் சுற்றிப் பார்த்தான். கொஞ்ச நேரம் முன்பு அவனுக்காகக் கூடை கவிழ்த்துப் போட்டவள் அதை எடுத்து நிமிர்த்திவைத்தாள். இந்த முழு விவகாரத்திலும் ஒரு நல்ல காரியம் செய்த ஒரே மனிதன் அவன். மறுகணமே அவனைக் குற்றவாளி ஆக்கிவிட்டார்கள். ஊர் நியாயம் என்பது அப்படித்தான். நல்லது செய்தால் போதாது, எதைச் சொல்லி நம்பவைத்தாயோ அதைக் கலைக்காமல் செய்ய வேண்டும்.

மாலையில் மங்கம்மா மலரிடம் தீர்ப்பைச் சொன்னாள்.

"எயிலன் கெட்டவன்னு சொன்னான். கெட்டவனாவே கீறான். டீக்கடைல டீ இல்லன்னாலும் பொறுத்துகினு கீறான். பொண்டாட்டி மார்க்கெட்டுல எடம் இல்லாம குந்திகினு கீறா, அப்பக்கூட வந்து, நானு நல்லவன்னு சொல்லல. வில்லன்னா அவன்தான் வில்லன். நானு தப்பா எட போட்டுட்டேன். இந்த அம்புரோசு கீறானே, நல்லவன் மாரி பட்டை கட்டிகினு நம்ம வூட்டுச் சோத்தத் துன்னுருக்கான்."

"யம்மா, அவர்தான் சுஜா அக்காவுக்கு ஒதவுனாரு."

"ஒதவட்டும். பட்டையோட ஒதவி இருக்கலாம் இல்ல?"

ஆவணி மாதக் காட்சியில் அம்புரோஸ் ரிங்குக்கு வந்ததும் மண்டபம் ஊளையிட்டது. மஞ்சள் ஹெல்மெட்டோடு வந்த எழிலனுக்குக் கைதட்டல். எழுதிய கதை தலைகீழானதைப் பார்த்துப் பொன்னுரங்கம் மைக்கைக் கடித்தார். எழிலனோ கொதித்துப்போனான். "நாலு வருசம் காத்துகினு இருந்து ஒரு கோவத்தச் சம்பாரிச்சேன், ஒரே நாள்ல அம்புரோசு எட்த்துகினான்" என்று வீட்டில் புலம்பினான். சுஜா எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை காலை, மங்கம்மாவின் ஏலம். முதல் கூடை, நல்ல சங்கரா, செவுள் ரத்தமாகச் சிவந்திருந்தது. விலை ஏறிக்கொண்டே போனது. மங்கம்மாவின் கண் வரிசையில் நகர்ந்து, அன்றும் வந்து நின்றிருந்த சுஜாவிடம் போய், அங்கேயே நின்றது. இத்தனை வாரத்துக்குப் பிறகு முதல்முறையாக.

சுஜா அசையவில்லை.

மங்கம்மா அதே விலையை மறுபடி கூவினாள். கண் எடுக்கவில்லை. சுஜா கையைக் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்தாள். ஏலம் நின்றது. படகுக்காரன் "இன்னா யக்கா, ஐஸு உருகுது" என்றான்.

"இன்னாடி, வேணாமா?" என்றாள் மங்கம்மா. ஏலத்தின் நடுவில் ஒருத்தியைப் பார்த்துப் பேசுவது அவள் வழக்கமில்லை.

"யாரக் கேக்குற?"

"ஒன்னத்தான்."

"நானு தெரியிறனா? எப்பலேர்ந்து?"



"எடக்குப் பண்ணாதடி. அதான் பாக்குறேன் இல்ல."

"பாத்துட்டா ஆச்சா? எம் புருசன் அடிச்சான்னு என்ன வெலக்கி வெச்ச. இப்ப அவன் பெரிய ஆளுன்னு சொல்றியாம், அத்தொட்டு என்னப் பாக்குற. ரெண்டுக்கும் நடுவுல நானு இன்னா பண்ணேன்? மார்க்கெட்டுல எனுக்கு மொயங்கால் வெக்க எடமில்ல. நானு இன்னா தப்பு பண்ணேன், அத்த இங்க எல்லார் எதிர்லயும் சொல்லு. சொன்னீன்னா நாளைலேர்ந்து நானே வரல."

மங்கம்மா மீனைப் பார்த்தாள். அவள் எத்தனையோ பேரை விலக்கி வைத்திருக்கிறாள். காரணம் சொல்லச் சொல்லி ஒருத்தியும் கேட்டதில்லை. சொல்ல ஒரு காரணத்தைத் தேடினாள். கூடை என்று சொல்லலாம். ஓட்டைக் கூடை, அதுவும் மெதுவாக வைத்த கூடை.

"ஒம் மேல தப்பு ஒண்ணும் இல்ல," என்றாள் தணிந்த குரலில்.

"கேக்கல."

"தப்பு இல்லன்னு சொன்னேன்டி."

"யக்கா, என்ன வெலக்கி வெச்சது துறைமுகத்துக்கே தெரியும். இத்த ஐஸ் பொட்டிகிட்ட சொல்ற மாரி சொல்ற."

மங்கம்மாவின் முகம் சிவந்தது. கோபமா வெட்கமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இடுப்பில் முந்தானையை இழுத்துச் செருகினாள். நிமிர்ந்தாள். பிறகு, வேறெந்த மாதிரியும் பேசத் தெரியாதவள் என்பதால், தனக்குத் தெரிந்த ஒரே குரலில், பக்கத்து ஏலத்து ஆண்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி கூவினாள்.

"திருவொத்தியூர் சுஜா மேல தப்பில்ல, ஒரு தரம்! தப்பில்ல, ரெண்டு தரம்!"

மூச்சு வாங்க நிறுத்தினாள். யாரும் எதிர்விலை கேட்கவில்லை.

"தப்பில்ல, மூணு தரம்! போதுமாடி?"

சுஜா முன்னே வந்தாள். இப்போதும் தாடையைத் தூக்கவில்லை. குனிந்து, கூடையின் மேலாக இருந்த மீன்களை விரலால் தள்ளிப் பார்த்தாள். மங்கம்மா விடுகிற மீனை யாரும் அப்படித் தொட்டுப் பார்ப்பதில்லை, அவள் வார்த்தையே போதும்.

"அடில ஐஸு ஜாஸ்தி கீற மாரி கீது," என்றாள் சுஜா. "கொட்டிக் காட்டு."

மங்கம்மா அவளை நன்றாக ஒரு முறை பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் கூடையைப் பிடித்துத் தார்பாயில் கவிழ்த்தாள்.